நீருக்குள் பயிற்சி, காதில் பாட்டு: முதியவர்களின் உடலில் தாளம் என்ன செய்கிறது?

மூட்டுவலியோடு கிளினிக்குக்குச் செல்லும் முதியவர்களுக்கு, "தண்ணிக்குள்ள நிண்டு செய்ங்க, மூட்டுக்கு நல்லம்" என்ற ஆலோசனை மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இப்போது பரவலாகக் கிடைக்கிறது. அதனோடு சேர்ந்து இன்னொரு பேச்சும் பரவியிருக்கிறது. நல்ல துள்ளலான பாட்டைப் போட்டுவிட்டால் வயதானவர்கள் வலி தெரியாமல் செய்வார்கள் என்கிறார் ஒருவர். குறிப்பிட்ட இராகத்தைக் கேட்டாலே குருதியமுக்கம் இறங்கிவிடும் என்கிறார் மற்றொருவர். இரண்டிலும் ஏதோ உண்மை ஒட்டிக்கொண்டிருப்பதனாலேயே அவற்றைப் பிரித்துப் பார்ப்பது கடினமாகிறது. நீருக்குள் செய்யும் பயிற்சியில் இசையை வெறும் பொழுதுபோக்காகக் கருத முடியாது, மருந்தாகவும் கருத முடியாது. உடல் எவ்வளவு சுமையைத் தாங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஒரு பொருளாக அது அங்கே இயங்குகிறது. தரையில் பாட்டுக்கு இந்த அளவு அதிகாரம் இல்லை. அது ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீர்ப் பயிற்சி நீச்சல் அல்ல

நீர்ப் பயிற்சி என்று இங்கே குறிப்பிடுவது, இடுப்பளவு அல்லது நெஞ்சளவு நீரில், தலை வெளியே இருக்க, பாதம் தரையில் ஊன்றியபடி செய்யப்படும் அசைவுகளை மட்டுமே. முன்னும் பின்னும் நடத்தல், முழங்காலை உயர்த்தல், காலைப் பக்கவாட்டில் விரித்தல், கைகளை நீருக்குள் அகட்டி மீண்டும் சேர்த்தல் போன்றவை அவை. நீந்தத் தெரியாதவரும் செய்யலாம். எனினும் நீந்தத் தெரிந்த ஒருவர் கரையில் நின்று கவனித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை.

நீர் உடலின் மீது மூன்று விதமாகச் செயற்படுகிறது. முதலாவது மேலுதைப்பு, அதாவது மூழ்கிய பொருளை நீர் மேல்நோக்கித் தள்ளும் விசை. இடுப்பளவு நீரில் நிற்பவரின் கால்கள் அவரது நிறையில் ஏறத்தாழ பாதியை மட்டுமே தாங்குகின்றன. நெஞ்சளவில் அது மூன்றிலொரு பங்காகவும், கழுத்தளவில் பத்திலொரு பங்காகவும் குறைகிறது. அறுபது கிலோ நிறையுள்ள ஒரு பெண் நெஞ்சளவு நீரில் நடக்கும்போது, அவருடைய முழங்கால்கள் தாங்குவது ஏறத்தாழ இருபது கிலோதான். தரையில் நான்கு அடி வைத்ததும் உட்காரத் தேடும் ஒருவர் நீருக்குள் இருபது நிமிடம் நடக்கக் கூடியதன் காரணம் இதுவே.

இரண்டாவது நீரமுக்கம். நிற்பவரின் உடலை நாற்புறமும் நீர் நெருக்குகிறது, ஆழம் கூடக் கூட நெருக்கமும் கூடுகிறது. இதனால் கால்களிலும் வயிற்றிலும் தேங்கி நிற்கும் குருதி நெஞ்சை நோக்கித் தள்ளப்படுகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலான குருதியை வெளியேற்றுகிறது. எனவே அதே அளவு வேலைக்குத் தரையில் இருப்பதைவிட நீருக்குள் நாடித்துடிப்பு பெரும்பாலும் சற்றுக் குறைவாகவே இருக்கும். நெஞ்சையும் நீர் நெருக்குவதால் மூச்சை உள்ளிழுக்கச் சிறிது கூடுதல் முயற்சி தேவைப்படும். ஆஸ்துமா உள்ளவர்கள் இடுப்பளவோடு நிற்பது நல்லது.

மூன்றாவது இழுவைத்தடை, அதாவது அசையும் உறுப்பை எதிர்த்து நீர் பிடித்திழுக்கும் விசை. நீர் காற்றைவிட ஏறத்தாழ எண்ணூறு மடங்கு அடர்த்தியானது. ஆகவே வெறுங்கையை நீருக்குள் அசைத்தாலே தசைக்கு வேலை கிடைக்கிறது. இரும்புக் குண்டு எதையும் தூக்க வேண்டியதில்லை.

இதுவரை பார்த்தவற்றுள் மேலுதைப்பு மூட்டின் பாரத்தைக் குறைக்கிறது, நீரமுக்கம் குருதியை நெஞ்சுக்குத் தள்ளுகிறது, இழுவைத்தடை தசைக்கு வேலை கொடுக்கிறது. பாட்டு வந்து சேரும் இடம் இந்த மூன்றாவதில்தான்.

கரைவலையும் அம்பாவும்

கரைவலை இழுப்பவர்கள் பாடிய அம்பாப் பாட்டு எழுபதைக் கடந்த கரையோரத்தவர் பலருக்கு இன்னும் நினைவிருக்கும். பாட்டின் ஒரு குறித்த இடத்தில் எல்லாருடைய கைகளும் ஒன்றாகக் கயிற்றைப் பிடிக்கும். அடுத்த இடத்தில் எல்லாரும் ஒன்றாகப் பின்வாங்குவார்கள். யாரும் "இப்போது இழு" என்று கட்டளையிட வேண்டியதில்லை. தாளமே அதைச் செய்தது. ஆனால் அந்தப் பாட்டில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வலை கனத்து வந்தால் அம்பாவும் மெதுவாகும். வலை இலேசாக வந்தால் பாட்டும் விரையும். இழுக்கும் சுமைதான் பாட்டின் வேகத்தை முடிவு செய்தது. ஒலிபெருக்கியில் ஓடும் பாட்டுக்கோ எதிரே இருக்கும் சுமை தெரியாது. தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டிய பொறுப்பு பயிற்றுவிப்பவருடையது.

கேட்கும் தாளத்தோடு உடலசைவு தானாக ஒன்றிப்போவதைத் தாள ஒத்திசைவு என்று அழைக்கலாம். காதிலிருந்து ஒலியைப் பெறும் மூளைப் பகுதிக்கும் அசைவைத் திட்டமிடும் பகுதிகளுக்கும் இடையே நெருங்கிய தொடர்பு உண்டு. சீரான தட்டு ஒன்றைக் கேட்கும்போது, அடுத்த தட்டு எப்போது விழும் என்று மூளை முன்கூட்டியே கணித்துத் தசைகளைத் தயார்ப்படுத்துகிறது. பாரிசவாதத்தால் நடை தடுமாறியவர்களுக்கும் பார்க்கின்சன் நோயுள்ளவர்களுக்கும் சீரான தட்டொலியைக் கேட்கச் செய்து நடை பயிற்றும் சிகிச்சை முறை 1990களிலிருந்து விரிவாக ஆராயப்பட்டு வருவதற்கு அடிப்படை இதுவே. அதற்கு இனிய பாட்டு என்பது கூடக் கட்டாயமில்லை. சீராக விழும் தட்டு இருந்தால் போதும். வயது முதிரும்போது அடியெடுத்து வைக்கும் கால அளவு ஒழுங்கு குலையத் தொடங்குவதால், வெளியிலிருந்து வரும் ஒழுங்கான தட்டு அவர்களுக்கு ஓர் ஊன்றுகோலாகிறது.

விரைவைக் கூட்டினால் சுமை எவ்வளவு கூடும்?

முழுக் கட்டுரையிலும் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைத்திருக்க முடியும் என்றால், அது இந்தப் பகுதியாக இருக்கட்டும்.

தரையில் கையை இரண்டு மடங்கு வேகமாக வீசினால் காற்றின் எதிர்ப்பு நமக்குத் தெரிவதே இல்லை. நீரில் இழுவைத்தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப, அதாவது வேகத்தை அதனாலேயே பெருக்கிய அளவில், கூடுகிறது. வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும். நிமிடத்துக்கு 100 தட்டுள்ள பாட்டுக்கு ஏற்பக் காலை உயர்த்திக்கொண்டிருந்தவர்களுக்கு, அடுத்ததாக 120 தட்டுள்ள பாட்டு ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாட்டின் வேகம் இருபது சதவீதம்தான் கூடியிருக்கிறது. கேட்பவருக்கு "கொஞ்சம் கலகலப்பான பாட்டு" என்பதற்கு மேல் எதுவும் தோன்றாது. ஆனால் காலை அதே உயரத்துக்கு உயர்த்துவதானால் நீரின் தடை ஏறத்தாழ 44 சதவீதம் கூடியிருக்கும். ஒரு நொடியில் தசை செய்ய வேண்டிய வேலை வேகத்தின் கனத்துக்கு ஏற்ப, அதாவது வேகம் × வேகம் × வேகம் என்ற அளவில், கூடுவதால், அது 73 சதவீதமளவு உயர்ந்திருக்கும். ஒரு பாட்டை மாற்றியதற்கு இத்தனை விளைவு.

நடைமுறையில் முதியவர்கள் அந்த வேலையைச் செய்வதில்லை. தாளத்தையும் விட மனமில்லாமல், தடையையும் வெல்ல முடியாமல், அவர்கள் அசைவைக் குறுக்கிவிடுகிறார்கள். இடுப்பளவுக்கு வர வேண்டிய முழங்கால் பாதி உயரத்தோடு திரும்புகிறது. தோளிலிருந்து வர வேண்டிய கை அசைவு முழங்கையோடு நின்றுவிடுகிறது. கரையிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாரும் உற்சாகமாகத் துள்ளுவதாகத் தோன்றும். மூட்டை அதன் முழு வீச்சுக்கு அசைப்பதற்காக நீருக்குள் இறங்கியவர்கள், அதைச் செய்யாமலேயே களைத்துக் கரையேறுவார்கள். துள்ளலான பாட்டுத்தான் முதியவர்களுக்கு ஏற்றது என்ற எண்ணத்தை நான் ஏற்காததற்கு இதுவே காரணம். அந்த எண்ணம் பெரும்பாலும் கரையில் நிற்கும் இளைஞர்களுடையது.

நெஞ்சளவு நீரில் நடப்பவர், தரையில் நடக்கும் வேகத்தின் பாதிக்கும் மூன்றிலொரு பங்குக்கும் இடைப்பட்ட வேகத்தில் சென்றாலே தரையில் நடப்பதற்குச் சமமான முயற்சியைச் செலவிடுகிறார். ஆகவே நீர்ப் பயிற்சி நடத்துபவர்கள் பாட்டின் தட்டுகளைப் பாதியாக்கிப் பயன்படுத்துவது வழக்கம்: ஒரு தட்டில் கால் எழும், அடுத்த தட்டு முழுவதும் அந்த அசைவு நிறைவேறுவதற்கு விடப்படும். நிமிடத்துக்கு 120 தட்டுள்ள பாட்டுக்கு இவ்வாறு 60 அசைவுகளே வரும். ஒரு பாட்டின் தட்டை அறியக் கருவி வேண்டியதில்லை; கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து வினாடிகளுக்குக் கைதட்டி எண்ணி, அதை நான்கால் பெருக்கினால் போதும். கைபேசியில் மெட்ரனோம் (சீரான தட்டொலி தரும்) செயலி உள்ளவர்கள் அதையும் பயன்படுத்தலாம்.

நம் ஊருக்குரிய ஒரு விடயத்தையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் பெண்கள் பலர் சேலையோடு அல்லது நீண்ட பாவாடையோடுதான் நீரில் இறங்குவார்கள். நனைந்து விரிந்த துணி நீரை அள்ளிப் பிடிப்பதால் இழுவைத்தடை மேலும் கூடும். காலில் சுற்றித் தடுக்கவும் கூடும். உடலோடு ஒட்டிய முழுநீளக் காற்சட்டையும் முழங்கால் வரை வரும் மேலாடையும் மரியாதைக்கும் பாதுகாப்புக்கும் பொருந்தும். அது இயலாதபோது, அவர்களுக்கான தாளத்தை இன்னும் மெதுவாக்க வேண்டும்.

சுருக்கமாக: நீருக்குள் பாட்டு வேகத்தை நிர்ணயிக்கிறது, வேகம் தடையை நிர்ணயிக்கிறது, தடைதான் உடல் தாங்கும் சுமை.

களைப்பு குறைவாகத் தெரிவது எப்படி?

பாட்டோடு செய்தால் களைப்புத் தெரியாது என்பது பொய்யல்ல. மூளை ஒரே நேரத்தில் கவனிக்கக்கூடியவற்றுக்கு ஓர் எல்லை உண்டு. தசை வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று உடல் அனுப்பும் செய்திகளும் காதில் விழும் பாட்டும் அந்தக் கவனத்துக்காகப் போட்டியிடுகின்றன. முயற்சி மிதமாக இருக்கும்வரை பாட்டு வெல்கிறது. களைப்பு பின்னால் தள்ளப்படுகிறது. முயற்சி கடுமையாகும்போது உடலின் செய்தி உரத்துவிடுவதால் பாட்டின் செல்வாக்கு மறைந்துவிடுகிறது.

இந்த விளைவின் அளவையும் மிகைப்படுத்தக் கூடாது. உடற்பயிற்சியிலும் விளையாட்டிலும் இசையின் விளைவு குறித்த 139 ஆய்வுகளை விளையாட்டு உளவியலாளர்களான பீற்றர் டெரி, கொஸ்டாஸ் கராகியோர்கிஸ் முதலியோர் ஒன்றுசேர்த்து அலசி 2020இல் வெளியிட்டார்கள். இசை மனநிலையை இதமாக்குகிறது, உணரப்படும் களைப்பைச் சற்றுக் குறைக்கிறது, செயற்திறனைச் சற்றுக் கூட்டுகிறது. ஆனால் நாடித்துடிப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் ஏற்படுத்துவதில்லை என்பதே அவர்கள் கண்டது. அதாவது பாட்டு மாற்றுவது முதன்மையாக உணர்வை. இதயத்தின் வேலை இதயத்துக்கு இருந்துகொண்டேதான் இருக்கும்.

முதியவர்களைப் பொறுத்தவரை இந்த நன்மைக்குள் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. நீருக்குள் நாடித்துடிப்பு ஏற்கெனவே குறைந்து காணப்படும், வியர்ப்பது தெரியாது, குருதியமுக்கத்துக்காகச் சிலர் உட்கொள்ளும் மாத்திரைகள் நாடித்துடிப்பு உயராமல் பிடித்து வைத்திருக்கும். இவற்றோடு பாட்டும் களைப்பை மறைத்துவிட்டால், நிறுத்த வேண்டிய இடம் தெரியாமல் போகலாம். இதற்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் பாட்டைச் சேர்ந்து பாடச் சொல்லுங்கள். தடையின்றிப் பாட முடிந்தால் முயற்சி இலேசானது. பாட முடியாது, ஆனால் பக்கத்தில் நிற்பவரோடு கதைக்க முடியும் என்றால் அது மிதமான முயற்சி. இரண்டு சொல் கதைக்கவே மூச்சு வாங்கினால் தாளத்தைக் குறைக்க வேண்டும். முழங்காலும் மூச்சும் தாளத்துக்குப் பின்தங்கும் ஒருவரைத் தாளத்துக்கு இழுத்து வருவது பயிற்றுவிப்பவரின் வேலையல்ல.

எந்தப் பாட்டு?

பதின்ம வயதிலிருந்து முப்பதுக்குள் கேட்ட பாடல்களே மனிதருக்கு வாழ்நாள் முழுவதும் மிகத் தெளிவாக நினைவிருக்கின்றன. 1950ஐ அண்டிப் பிறந்த ஒருவருக்கு அவை இலங்கை வானொலியில் ஒலித்த அறுபதுகளின், எழுபதுகளின் திரைப்பாடல்களாகவோ அக்காலத்து ஈழத்துப் பொப் பாடல்களாகவோ இருக்கும். தெரிந்த பாட்டில் அடுத்த தட்டு எங்கே விழும் என்பது முன்பே தெரியும். தாள ஒத்திசைவுக்கு அது பெரிய உதவி. பைலா மட்டும் எச்சரிக்கைக்குரியது, ஏனெனில் அதன் துள்ளல் பாதித் தட்டுக்கு எளிதில் அடங்காது.

கூத்துப் பார்த்து வளர்ந்த ஊர்களில் மத்தளத்தின் அடி மட்டும் போதும். வசந்தன் கூத்து ஆடியவர்களின் உடலில் தாளம் ஏற்கெனவே குடியிருக்கிறது. அம்பாறைக் கரையோரத்திலும் காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்திலும், மார்க்கக் காரணங்களால் இசையைத் தவிர்க்கும் மூத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எதையும் இழக்கப் போவதில்லை. முன்னர் குறிப்பிட்டபடி ஒத்திசைவுக்குத் தேவை சீரான தட்டு மட்டுமே. கைதட்டலும், ஒருவர் உரத்து எண்ணுவதும், கோலாட்டம் போன்ற பொல்லடி ஆட்டத்தின் கோல்களின் ஓசையும் அதே வேலையைச் செய்யும்.

குறிப்பிட்ட இராகம் குறிப்பிட்ட நோயைத் தீர்க்கும் என்ற கூற்றை இந்த விடயத்தோடு கலக்காமல் இருப்பது நல்லது. மெதுவான, பழகிய இசை மனத்தைத் தணிக்கிறது என்பது வேறு; அதை நம்பி மாத்திரையை நிறுத்துவது வேறு.

முதிய காதும் நீரின் ஓசையும்

வயதாகும்போது முதலில் மங்குவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன். சல்லரியின் ஓசையும் பாட்டின் மெய்யெழுத்துகளும் தேய்ந்துபோக, மத்தளம், தவில், றபான் போன்றவற்றின் தாழ்ந்த அடி மட்டும் மிஞ்சும். செவிப்புலன் கருவியை நீரில் இறங்குமுன் கழற்றிவிடுவதால் நிலைமை இன்னும் மோசமாகும். ஒலியைக் கூட்டுவது இதற்குத் தீர்வாகாது. ஓடு பதித்த தடாகத்தில் எதிரொலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தட்டையே குழப்பிவிடும், பயிற்றுவிப்பவரின் குரலும், யாராவது தடுமாறி அழைத்தால் அந்தக் குரலும் அமுங்கிவிடும். தாழ்ந்த அடி தெளிவாக உள்ள பாட்டும், தாளத்தைக் கையால் காட்டிக்கொண்டு எல்லாருக்கும் தெரியும்படி முன்னால் நிற்கும் ஒருவரும் இருப்பதே சிறந்த வழி.

நீருக்குள்ளும் ஒலிபெருக்கி வேண்டுமா என்று சிலர் கேட்பதுண்டு. கல்லடிப் பாலத்தருகே பாடும் மீன்களைக் கேட்க விரும்பியவர்கள் துடுப்பின் ஒரு நுனியை வாவி நீரிலும் மறுநுனியைக் காதிலும் வைத்ததற்கு இயற்பியற் காரணம் உண்டு. நீரிலிருந்து காற்றுக்கோ காற்றிலிருந்து நீருக்கோ ஒலி இலகுவில் கடப்பதில்லை. நீர்ப்பரப்பு அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. தலை வெளியே இருக்கும் நீர்ப் பயிற்சிக்குக் கரையில் வைத்த, மின்கலத்தில் இயங்கும் சிறிய ஒலிபெருக்கி போதும். மின்சாரக் கம்பி இழுத்து நீரருகே வைக்கும் எதுவும் கூடவே கூடாது.

எங்கே, எப்போது?

பாசிக்குடாவின் ஆழம் குறைந்த, அலை அடங்கிய குடா இதற்கு இயற்கையே அமைத்துக் கொடுத்ததுபோல் இருக்கிறது. நீரும் முதிய உடலுக்கு இதமான சூட்டில் இருக்கும். ஆனால் மாரியில் வாடைக்காற்று வீசும் மாதங்களில் கிழக்குக் கடல் முழுவதையும் தவிர்க்க வேண்டும். அறுகம்குடாவின் அலைகள் எந்தக் காலத்திலும் இதற்கு ஏற்றவையல்ல. வாவியின் அடியில் சேறும் சில இடங்களில் முதலையும் உண்டு. நீரிழிவால் பாதத்தில் உணர்வு குன்றியவர்கள் முருகைக்கல் கிழித்தது தெரியாமல் நிற்கக்கூடும். காலோடு இறுகிய செருப்பு அணியாமல் கடலில் இறங்கக் கூடாது. இதயநோய், கட்டுப்படாத குருதியமுக்கம், ஆறாத புண், வலிப்பு உள்ளவர்கள் முதலில் வைத்தியரையும் இயன்மருத்துவரையும் கேட்க வேண்டும்.

பாட்டை நிறுத்த வேண்டிய இடங்கள்

அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கத்தையும், வாரத்தில் மூன்று நாட்களுக்குக் குறையாமல் சமநிலைப் பயிற்சியையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. முதலாவதற்குப் பாட்டு நல்ல துணை. முதியவர்களை அடுத்த வாரமும் வரவைக்கும் வலிமை அதற்கு உண்டு. இரண்டாவதற்கு அவ்வாறில்லை. ஒற்றைக் காலில் நிற்பது, குதிகாலும் விரலும் ஒட்ட அடிவைத்து நடப்பது போன்றவற்றில் முதிய மூளைக்கு முழுக் கவனமும் தேவை. அதில் ஒரு பங்கைப் பாட்டு எடுத்துக்கொண்டால் தடுமாற்றம் கூடும். அந்த ஐந்து பத்து நிமிடங்களுக்கு ஒலியை நிறுத்திவிட்டு, பயிற்றுவிப்பவரின் குரல் மட்டும் கேட்கும்படி செய்வது நல்லது.

கரையேறும் நேரமும் கவனத்துக்குரியது. நீரமுக்கம் நெஞ்சுக்குத் தள்ளியிருந்த குருதி, நீர் விலகியதும் மீண்டும் கால்களுக்கு இறங்குகிறது. அவசரமாக வெளியேறினால் தலைசுற்றி விழ நேரலாம். துள்ளலான பாட்டு முடிந்த கையோடு எல்லாரும் ஏறிவிடும் பழக்கத்தை மாற்றி, கடைசி இரண்டு பாடல்களை மிக மெதுவானவையாக வைக்க வேண்டும். அவற்றில் முதலாவது ஓடும்போது நெஞ்சளவிலிருந்து இடுப்பளவுக்கும், அடுத்தது ஓடும்போது முழங்காலளவுக்கும் மெல்ல நடந்து வந்து, அங்கே சற்று நின்று, தலை தெளிவாக இருப்பதை உறுதிசெய்த பின் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி கரையேறலாம்.